எண்ணூறு பிக்சல் அகலத்தில் ஓர் ஊசிக்கண்

2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாவது திங்கட்கிழமை, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் பயிற்சி நிலையத்தின் இணையவழித் தையல் பாடத்தில் ஊசிக்கண் ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

அதிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு அறிக்கை எழுத வசதியாக இருக்கும், சேர். அவசரமில்லை. கொழும்பிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். வழியில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதிரையில் சாயாதீர்கள், பின்கால் ஆடும். இதில் இருங்கள்.

என் பெயர் குஞ்சித்தம்பி. ஐம்பது வயதாகப் போகிறது, இன்னும் தம்பிதான். இங்கே எல்லோரும் தம்பியண்ணை என்று கூப்பிடுவார்கள். பாடங்களுக்குப் படம் எடுப்பதும் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. முன்பு மூதூரில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். சுனாமியில் கடல் வந்த வருடம் அது போய்விட்டது. நல்ல தொழில். கல்யாண மாப்பிள்ளையும் சரி, சங்கக்கடை மனேச்சரும் சரி, "கொஞ்சம் இடப்பக்கம்" என்றால் இடப்பக்கம் திரும்புவார். "நாடியை உயர்த்துங்கோ" என்றால் ஊரே உயர்த்தும். கடலுக்குப் பிறகு என் சொல் கேட்டு ஒருவரும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

எங்கள் நிலையம் எதற்காக என்று கொழும்பில் சொல்லியிருப்பார்கள். மூதூர், தோப்பூர், கிளிவெட்டிப் பெண்கள் தையல் பழக டவுனுக்கு வர ஏலாது. வந்தாலும் பொழுதுபடுமுன் திரும்ப ஏலாது. அதனால் அந்த ஊர்களில் ஒவ்வொரு கம்பியூட்டர் அறை. அதில் இருந்துகொண்டு எங்கள் பாடத்தைப் பார்த்து அவர்கள் தைப்பார்கள். ஆசிரியை பக்கத்தில் இல்லை. கையைப் பிடித்துக் காட்ட ஆள் இல்லை. படம்தான் எல்லாம். படத்தில் நூல் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாவிட்டால், தோப்பூரில் ஒரு சட்டையின் கை பின்பக்கமாக முளைக்கும்.

படம் மங்காமல் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை, சேர். பாடத்தில் எந்த அகலத்தில் காட்டப்போகிறோமோ அந்த அகலத்திலேயே வெட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் மென்பொருள் எண்ணூறு பிக்சலில் காட்டும். கமெரா தரும் மூவாயிரம் பிக்சல் படத்தை அப்படியே கொடுத்தால் அது தானே சுருக்கும். அதற்குத் தையல் தெரியாது, எந்த நூல் முக்கியம் என்று பார்க்காது. முன்னூறு பிக்சல் படத்தைக் கொடுத்தால் இழுத்து நீட்டும். ரொட்டி மாவை அளவுக்கு மேல் இழுத்தால் என்ன ஆகுமோ அது ஆகும். கமெராப் படம் என்றால் ஜேபெக். அதைத் திறந்து திறந்து மறுபடி சேமிக்கக் கூடாது, சவர்க்காரம் மாதிரி ஒவ்வொரு தரமும் தேயும். கோட்டுப்படமும் எழுத்துள்ள படமும் என்றால் பிஎன்ஜி. வேர்ட் கோப்புக்குள் ஒட்டிவிட்டு அதிலிருந்து பிரதி எடுப்பது படத்துக்குச் செய்யும் துரோகம்.

இதையெல்லாம் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றையும் அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் படம் மங்கியது என்பதுதான் விசேஷம்.

அந்தத் திங்கட்கிழமை புஷ்பவதி டீச்சர் என் மேசைக்கு வந்து நின்றார். தையல் பாடம் அவருடையது. கிளிவெட்டிக்காரி. அதற்கு இரண்டு வருடம் முன் ஊரோடு இடம்பெயர்ந்து வந்து, மகன் டிலக்சனோடு டவுனில் வாடகைக்கு இருந்தார். கணவர் இல்லை. வாய் உண்டு.

"தம்பியண்ணை, இது ஊசியோ, இல்லாட்டி விளக்குமாத்து ஈர்க்கோ?"

"ஊசிதான் டீச்சர்."

"கண் எங்க?"

"இருக்கு. கொஞ்சம் மங்கலா இருக்கு."

"என்ர கம்பியூட்டரில கண் நல்லாத் தெரியுது. பாடத்தில ஏறினாப் பிறகு குருடாப் போச்சு. பிள்ளையள் நூலை எங்க கோர்க்கிறது, என்ர மூக்கிலயோ?"

பக்கத்து மேசையில் உம்மு குல்சும் சிரித்தார். கிண்ணியாவிலிருந்து வருகிறவர், சமையல் பாடம் செய்கிறவர். "டீச்சர், என்ட வட்டிலப்பத்தைப் போய்ப் பாருங்க. றோட்டுக்கு ஊத்துற தார் எண்டு நினைப்பாங்க."

சத்தம் கேட்டு சிவகாமிப்பிள்ளை மிஸ் அறையிலிருந்து வந்தார். நிலையப் பொறுப்பாளர் அவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும், துறைமுகத்துக்குள் சுழியோடி யாரும் வந்துவிடக் கூடாதென்று கடற்படை அடிக்கடி தண்ணீருக்குள் வெடி போடும். ஓர்ஸ் ஹில்லில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஒருமுறை பல்லை நறநறக்கும்.

"வெடி போடுற நேரம் படம் எடுத்திருப்பீங்கள்," என்றார் மிஸ்.

"எடுத்த படம் வடிவா இருக்கு மிஸ். ஏத்தினாப் பிறகுதான் மங்குது," என்றார் புஷ்பவதி.

மிஸ் யோசித்தார். "அப்ப டெலிபோன் லைனும் அதிருதாக்கும்."

நான் டீச்சரிடம் படத்தை வாங்கி என் கம்பியூட்டரிலிருந்து ஏற்றினேன். ஊசிக்கண் வந்தது. நூலின் முறுக்குக்கூடத் தெரிந்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு என் கையைப் பார்த்தார்கள்.

"இது கைராசி," என்றார் உம்மு குல்சும்.

சேர் கொழும்பில் வளர்ந்தவர், இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கைராசி பார்க்காமல் கத்தரிக் கன்றுகூட நட மாட்டார்கள். முதல் விதை போட ஒரு கை, புதுக்கடையில் முதல் சாமான் வாங்க ஒரு கை, ஊசி மருந்து ஏற்ற ஒரு கை. எந்த டொக்டரிடம் போனால் சுகம் வரும் என்பதைப் படிப்பை வைத்து முடிவுசெய்ய மாட்டார்கள். புஷ்பவதி டீச்சரே அப்படி ஒரு கைக்காரி. கிளிவெட்டியில் கல்யாணச் சட்டைத் துணிக்கு முதல் வெட்டுப் போட அவரைத்தான் தேடி வருவார்களாம். அவர் வெட்டிய சட்டை போட்ட பொம்பிளை ஒருத்தியும் அழுதுகொண்டு திரும்பி வந்ததில்லை என்று ஊரில் கதை. அப்படிப்பட்டவர் அன்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை.

இப்போது சோதனைக்கு வருவோம். அதைத்தானே கேட்கிறீர்கள்.

பெப்ரவரிக் கடைசியில் மூதூரிலிருந்து வந்த பென்டிரைவ் ஒன்றால் எல்லாக் கம்பியூட்டரிலும் வைரஸ் ஏறியது. அதற்காக ஒரு கோப்புறை செய்து, அதற்குச் சோதனை என்று பெயர் வைத்தேன். படம் எல்லாம் முதலில் அதற்குள் போக வேண்டும். போட்டதும் ஒரு சின்னப் பெட்டி வந்து "காத்திருக்கவும்" என்று சொல்லும். இரண்டு நிமிடம் கழித்து "போகலாம்" என்று சொல்லும். சொல்லிவிட்டு, அதுவே படத்தைப் பாடத்தில் கொண்டுபோய் ஏற்றிவிடும். மென்பொருளில் நேரே ஏற்றுவதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, சேர். கேட்பார்கள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். வீட்டிலிருந்து அலுவலகம் வருவதற்குள் மூன்று இடத்தில் இறங்கி நடக்கிற ஆட்கள். சோற்றுப் பார்சலைப் பிரித்துக் காட்டிவிட்டு வருகிற ஆட்கள். கம்பியூட்டருக்குள்ளும் ஒரு சாவடி என்றால் அவர்களுக்கு அது புதினமே இல்லை. உம்மு குல்சும் "காத்திருக்கவும்" வந்ததும் கைப்பையைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார், பழக்கதோஷம். ஒருநாள் மிஸ் என்னைக் கேட்டார்:

"தம்பியண்ணை, இதுக்கு அடையாள அட்டை நம்பர் குடுக்கத் தேவையில்லையோ?"

"இப்ப தேவையில்லை மிஸ்."

"கேட்டால் சொல்லுங்கோ, நான் பொட்டோக்கொப்பி எடுத்து வைச்சிருக்கிறன்."

அந்த நேரம் எங்கள் இணைய லைன் மிகவும் மெதுவானது. லைன் அடைபடக் கூடாதென்று, கோப்புறைக்குள் வரும் எந்தப் படத்தையும் முன்னூற்றிருபது பிக்சலுக்குச் சுருக்கும்படி முதல் வாரம் வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன். மறந்தது உண்மை. ஊசிக்கண் மங்கிய அன்று ஞாபகம் வந்ததும் உண்மை. அன்று பின்னேரமே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று பின்னேரம் உம்மு குல்சும் எனக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தார்.

கைராசிக்காரனைக் கவனிக்கும் முறை ஒன்று இருக்கிறது, சேர். அதை நான் உண்டாக்கவில்லை. மறுநாள் மிஸ் தன் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கடைசிப் பொத்தானை மட்டும் நான் அமத்த வேண்டும் என்றார். அமத்தினேன். மகளுக்கு இடம் கிடைத்தது. அதன் பிறகு எனக்கு இருக்க நேரமில்லை. வாசலில் நிற்கும் ஓட்டோக்காரர் புது டயருக்கு என்னைத் தொடச் சொன்னார். தையல் பிள்ளைகளின் புது மெஷினுக்கு முதல் நூல் நான்தான் கோர்த்தேன். மூன்று தரம் தவறவிட்டேன், அதையும் ராசி என்றார்கள். தினமும் ஆளுக்காள் படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக நின்றார்கள். நான் கைகளை ஒருமுறை தேய்த்துவிட்டு, மென்பொருளின் பொத்தானால் நேரே ஏற்றுவேன். தேய்க்கத் தேவையில்லை. அவர்களுக்குப் பிடித்திருந்தது.

"உங்கட கையை வெட்டி என்ர மேசையில வைச்சிட்டு வீட்ட போங்கோ தம்பியண்ணை," என்பார் புஷ்பவதி டீச்சர். "நாளைக்குக் காலமை கழுவித் தாறன்."

அவர்தான் மத்தியானத்தில் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பார். தேத்தண்ணீர் ஊற்றும்போது எனக்கும் சேர்த்து ஊற்றுவார். நீங்கள் நினைப்பதுபோல் வேறு ஒன்றும் இல்லை. கேட்கிறவர் ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

ஏப்ரலில் கோயம்புத்தூர்க் கதை வந்தது. அங்குள்ள ஒரு நெசவுத் தையல் கல்லூரி, எங்களைப் போன்ற நிலையங்களுக்குள் ஒரு போட்டி வைத்தது. மிகச் சிறந்த பாடத்தைச் செய்தவருக்கு இரண்டு வருடப் படிப்பு, தங்க வீடு, பிள்ளை இருந்தால் அங்கேயே பள்ளிக்கூடம். டிலக்சனுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம்; அந்த வருடம் பதினாறு வயதுப் பெடியன் வைத்திருந்த எல்லாத் தாய்மாரும் கடலைத் தாண்டி ஒரு வழி தேடினார்கள். பள்ளிக்கூடம் விட்டு அவன் பத்து நிமிடம் பிந்தினால் டீச்சர் அலுவலக வாசலில் போய் நிற்பார். பிறகு வந்து இருந்து, ஒன்றும் நடக்காததுபோல் என்னைப் பகிடி பண்ணுவார். அந்த இடம் கிடைத்தால் மகனோடு போகலாம், கிடைக்காவிட்டால் இங்கேதான். அவருக்கு இருந்தது அந்த ஒரு வழி.

அவர் செய்த பாடத்தை நீங்கள் பார்க்க வேண்டும், சேர். நாற்பது படம். நூல் கோர்ப்பதில் தொடங்கி ஒரு முழுச் சட்டை வரை. ஒவ்வொன்றையும் நான்தான் எடுத்தேன். வெடிக்கும் வெடிக்கும் இடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல படங்கள் எடுத்ததில்லை. ஒவ்வொன்றும் சரியாக எண்ணூறு பிக்சல்.

"இது கிடைச்சா நீங்கள்தான் காரணம் தம்பியண்ணை," என்றார். "ஆனா ஒரு கவலை. நாங்கள் போனாப் பிறகு உங்களுக்கு ஆர் தேத்தண்ணி ஊத்துறது?"

பகிடிக்குத்தான் சொன்னார். நான் அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன்.

போட்டிக்கான பக்கம் எங்கள் மென்பொருளிலேயே மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பகல் மட்டும் திறந்திருந்தது. எல்லாப் படத்தையும் அந்தப் பக்கத்தில் புதிதாக ஏற்ற வேண்டும். நான் வந்து என் கையால் ஏற்றித் தருவதாகப் பேச்சு. அன்று எனக்குக் காய்ச்சல். அதாவது, காய்ச்சல் என்று மிஸ்ஸுக்கு அறிவித்தேன். மூதூர் வள்ளம் வந்து சேரும் துறையில் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு இருந்தேன். போன் வந்தது.

"தம்பியண்ணை, இண்டைக்கோ உங்களுக்குக் காய்ச்சல் வாறது?"

"என்ன செய்யிறது டீச்சர். எழும்ப ஏலாமல் கிடக்கிறன்."

"ஓட்டோ பிடிச்சு வரட்டோ? தூக்கிக்கொண்டு வந்து கம்பியூட்டருக்கு முன்னால வைச்சிட்டு, ஒரு விரலை மட்டும் நான் பிடிச்சு அமத்துறன்."

"ஒட்டுற காய்ச்சல் எண்டு டொக்டர் சொன்னவர்."

"அதென்ன ஹோர்ன் சத்தம்?"

"காய்ச்சல், காதுக்குள்ள இரையுது."

"காய்ச்சல்காரனுக்குக் கேக்கலாம். எனக்குமோ?"

"பக்கத்து வீட்டு டீவி, டீச்சர்."

பிறகு அவர் குரல் சின்னதாகிவிட்டது. "அப்ப நானே போடட்டோ?"

"போடுங்கோ. எல்லாத்தையும் மறக்காமல் சோதனைக்குள்ள போட்டு ஏத்துங்கோ. உங்கட கை நல்ல கைதான்."

நான் செய்தது இவ்வளவுதான். ஒருநாள் லீவு எடுத்தேன். மனிதனுக்கு லீவு எடுக்க உரிமை இருக்கிறது.

பின்னேரம் டீச்சர் என் அறைக்கு மல்லி அவித்த தண்ணீர் கொண்டுவந்தார். நான் அதற்குள் துறையிலிருந்து திரும்பியிருந்தேன். வெயிலில் வேகமாக நடந்து வந்ததால் நன்றாக வியர்த்திருந்தது. "காய்ச்சல் விடுது போல," என்று அவருக்குச் சந்தோஷம். படம் எப்படி என்று கேட்டேன். "எனக்குக் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது," என்றார். "அழுததால என்ர கண் அப்பிடியோ தெரியேல்ல." அதற்குள் பக்கம் பூட்டப்பட்டுவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த குறிப்பில் இரண்டே வரிதான். கைவேலை சிறப்பாக இருக்கக்கூடும் என்றும், பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், சேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு உங்கள் அறிக்கையில் குறை வரக் கூடாது. முன்னூற்றிருபது பிக்சலில் ஊசி என்றாவது தெரியும். தேர்வுசெய்கிறவர் அனுபவசாலி என்றால் கையைப் பார்த்தே வேலையை மதிப்பிட்டுவிடுவார். அந்த யோசனை எனக்கு முதல்நாள் வியாழக்கிழமையே வந்தது. எல்லோரும் போன பிறகு அந்த எண்ணை எழுபதாக்கினேன். சுருக்கிய படத்தை மறுபடி எண்ணூறுக்கு நீட்டவும் வைத்தேன், அகலத்தைப் பார்க்கிறவர்களுக்கு எண் சரியாக இருக்கும். இரண்டு மாற்றம். ஐந்து நிமிட வேலை. வேறு யாருடைய படத்துக்கும் அன்று பாதிப்பில்லை. அன்று வேறு யாரும் ஏற்றவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். கோபமிருந்தால் நாற்பது படத்தையும் அவ்வளவு கவனமாக எடுத்திருப்பேனா? அவர் போகாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்று பட்டது. கோயம்புத்தூரில் அவருக்கு ஆரைத் தெரியும்? இங்கே நான் இருக்கிறேன்.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மென்பொருளையும் சொல்லவில்லை. தன் கையைச் சொன்னார். "சின்ன வயசில அம்மா என்னை மிளகாய்க் கண்டு நட விடமாட்டா, எரிஞ்ச கையாம். கிளிவெட்டிச் சனம் என்னத்தைக் கண்டு வந்ததோ தெரியேல்ல," என்றார். பிறகு கல்யாணச் சட்டைத் துணிக்கு முதல் வெட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார். துணியை விரித்து, கோடு கீறி, கத்தரிக்கோலை என்னிடம் தருவார். நான் ஓர் அங்குலம் வெட்டிக் கொடுத்தால் மீதியை அவர் வெட்டுவார். எனக்குத் தையல் தெரியாது. ஒருதரம் கோட்டை விட்டு விலகி வெட்டிவிட்டேன். "அதில ஒரு பூ வைச்சுத் தைச்சால் சரி," என்றார். ஒரு சத்தம் இல்லை, பகிடியும் இல்லை. எனக்கு அந்தப் பகிடி இல்லாதது ஒரு குறைதான். ஆனால் தேத்தண்ணீர் தவறாமல் வந்தது.

ஓகஸ்டில் ஏஜென்ட் ஒருவர் டிலக்சனை மட்டும் கட்டாருக்கு அனுப்பலாம் என்றார். இருபத்தொரு வயது என்று பாஸ்போட் வேண்டும். படத்தில் வயது தெரிய வேண்டும். டீச்சர் என்னிடம்தான் கூட்டிக்கொண்டு வந்தார், வேறு யாரிடம் போவார்? நாடியை உயர்த்தச் சொன்னேன், உயர்த்தினான். மீசையைக் கம்பியூட்டரில் கொஞ்சம் தடிப்பாக்கினேன். மிகக் கூர்மையான படம். ஏஜென்ட் பார்த்துவிட்டு, இவ்வளவு துல்லியமாக யாரும் எடுப்பதில்லை என்றார். பெடியன் இப்போது அங்கே சீமெந்து மூட்டை தூக்குகிறான். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பான். டீச்சர் என் மேசையில் இருந்துதான் பேசுவார், இங்கே சிக்னல் நல்லது.

இனி நீங்கள் கண்டுபிடித்த கதை. அதில் எனக்கு வருத்தமில்லை. இன்று காலை வந்து, உங்கள் மடிக்கணினியை எங்கள் லைனில் கொழுவி, மதிலின்மேல் படுத்திருந்த பூனையைப் படம் பிடித்து, மென்பொருளின் பொத்தானை நேரே அமத்தி ஏற்றினீர்கள். எல்லோரும் பதறினார்கள். "சேர், சேர், சோதனைக்குப் போடாமல் ஏத்தப் படாது," என்று மிஸ் ஓடி வந்ததைப் பார்த்தேன். பூனையின் மீசை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உம்மு குல்சும் உங்கள் கையைப் பார்த்து, "ஓ, சேருக்கும் கைராசி," என்றார். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோப்புறையைத் திறந்தீர்கள். வெளியூரவர் என்றபடியால்தான் உங்களுக்கு அது தோன்றியது. இங்கே வளர்ந்தவர் முதலில் இறங்கி நடந்திருப்பார்.

இதில் கையெழுத்து வைக்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். புஷ்பவதி டீச்சருக்கு இதை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். அவர் நம்பமாட்டார். தம்பியண்ணை அப்படிச் செய்யிற ஆள் இல்லை என்று சொல்லுவார். அதையும் கீழே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு உதவும். போய்விட்டு வாருங்கள். நான் இருக்கிறேன்.

வாசித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், சேர். கதவு திறந்துதான் இருந்தது, எனக்கும் கேட்டது. முடிந்த பிறகு டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப என்ர கையில பிழை இல்லையோ?" நீங்கள் இல்லை என்றீர்கள். அவர் தன் மேசைக்குப் போனார். நாற்பது படத்தையும் எடுத்தார். கோப்புறைப் பக்கம் போகவில்லை. மென்பொருளின் பொத்தானால் ஒவ்வொன்றாக நேரே ஏற்றினார். உம்மு குல்சும் ஒவ்வொன்றுக்கும் "வந்திட்டு, வந்திட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி வரை சொன்னார். எல்லாம் தெளிவாக வந்துவிட்டன.

அகலம் எண்ணூறாக இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் வகுப்பு ஜூலை மாதமே தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் மாத்தறையிலிருந்து போன ஒருவர் படிக்கிறார்.